மேசை மேல் ஒரு தாள் இருந்தால் யாருக்கு வலிக்கிறது?

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரை படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டங்களை நடத்துகிறவர் விதிச்சுருக்கம், பெயர்ப்பட்டியல், அரக்கர் அட்டை என்று முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவது, பரீட்சை ஹாலில் பிட் அடிப்பதற்குச் சமம் என்கிறார் கட்டுரையாளர். நல்ல கதைசொல்லிக்கு எல்லாம் மனசிலேயே இருக்க வேண்டுமாம். இந்த ஆட்டத்தை உண்டாக்கிய முன்னோர்கள் இப்படித் தாளும் கையுமாக அலையவில்லையாம். தயாரிப்பு கற்பனையைக் கொன்றுவிடுமாம். அவசரத்துக்கு போன் இருக்கிறதாம். கடைசியில், சதாவதானிகள் பிறந்த மண்ணில் நமக்கு எதற்குத் துண்டுச்சீட்டு என்று ஒரு முழக்கம். கைதட்டல் வாங்கும் முடிப்புதான். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தால் எதுவும் கெட்டியாக ஒலிக்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். டிஎம் சூழலைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 முகப் பகடை உருளும். குறைந்தது எந்த எண் விழ வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், விழாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல். அதோடு மான்ஸ்டர் மேனுவல், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. இந்த மூன்றும் டிஎம்மின் தலைக்குள் இருந்தாக வேண்டும் என்பதுதான் நம் கட்டுரையாளரின் நிபந்தனை.

முதலில் அந்த முன்னோர் கதையைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அவர் மிகவும் நம்பிக்கையோடு சொல்லியிருப்பது அதுதான், மிகவும் தப்பாகச் சொல்லியிருப்பதும் அதுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். அவற்றோடு, அட்டவணைகளை மட்டும் தனியாக அச்சிட்ட ரெஃபரன்ஸ் தாள்கள். ஆமாம், பெட்டிக்குள்ளேயே. கட்டுரையாளர் ‘பிட்’ என்று சொல்லும் சமாசாரத்தை ஆட்டத்தின் பெற்றோரே குழந்தையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1976இல், இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் பாப் பிளெட்ஸாவும் பில் ஓவனும் ஜட்ஜஸ் கில்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் விற்றது என்ன? ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு உதவும் வரைபடங்கள், அட்டவணைகள், தாள்கள். ‘ரெடி ரெஃப் ஷீட்ஸ்’ என்றே ஒரு வெளியீடு. 1977இல் ‘ஜட்ஜஸ் ஷீல்டு’ என்ற மடிப்புத் தடுப்பு: டிஎம்முக்கு முன்னால் நிற்க வைக்கலாம், உள்பக்கம் முழுக்க அட்டவணை. அந்த வியாபாரம் ஓடியதைப் பார்த்த கைகாக்ஸின் நிறுவனமான டிஎஸ்ஆர், 1979இல் தன் பங்குக்கு ஒரு ஸ்க்ரீன் போட்டது.

ஆர்னசன் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ‘பிளாக்மோர்’ என்ற அவருடைய கற்பனை நாட்டில்தான் இந்த ஆட்டமே முளைத்தது. அந்த நாட்டை நடத்த அவர் வைத்திருந்த குறிப்புகளை 1977இல் ‘தி ஃபர்ஸ்ட் ஃபேண்டஸி கேம்பெய்ன்’ என்ற பெயரில் அதே ஜட்ஜஸ் கில்டு புத்தகமாகப் போட்டது. மனசிலேயே எல்லாம் வைத்திருந்த முன்னோரின் குறிப்பேடு விலைக்கு வந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது. கைகாக்ஸ் 1979இல் எழுதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடைத் திறந்து பாருங்கள். பகடை உருட்டி ஒரு பாதாளக் குகையையே உண்டாக்கும் பின்னிணைப்பு முதல் பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. இவர்களையா தாள் வேண்டாம் என்று சொன்ன முன்னோர் என்கிறார்? முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பதற்கு முன் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

அடுத்தது அவதானம். இதை எழுதும்போது கட்டுரையாளருக்குப் புல்லரித்திருக்க வேண்டும். எனக்கு மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான் தெரிந்தது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார். நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தியதற்காக இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். ஏன் சொல்கிறோம்? அது மற்றவர்களால் முடியாது என்பதால். ஊருக்கு நூறு பேர் செய்கிற காரியமாக இருந்தால் ஹால் பிடித்துக் கூட்டம் கூடியிருக்குமா? முடியவே முடியாது என்று உலகம் வியந்த ஒன்றை, சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் களைப்போடு வந்து நண்பர்களுக்காக ஆட்டம் நடத்தும் ஒருவருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வைப்பது எந்த ஊர் நியாயம்?

அதைவிட முக்கியமான பிசகு ஒன்று இருக்கிறது. அவதானி செய்வது காட்சி. சுற்றி இருப்பவர்கள் பார்க்க வந்தவர்கள். டிஎம் செய்வது காட்சி இல்லை. அந்த மேசையில் யாரும் அவரைப் பார்க்க வரவில்லை; தாங்கள் ஆட வந்திருக்கிறார்கள். தன் ஞாபகசக்தியால் சபையை அசத்தும் டிஎம், மற்ற நாலு பேரின் சாயங்காலத்தை எடுத்துத் தன் அரங்கேற்றத்துக்குச் செலவழிக்கிறார். கதாகாலட்சேபத்தையும் கட்டுரையாளர் இழுத்திருக்கிறார். பாகவதர் ஏட்டைப் பார்ப்பதில்லை, உண்மைதான். பாகவதருக்கு ராமன் காட்டுக்குப் போவான் என்று தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்து, ‘நான் ராமனாக இருந்தால் கைகேயியோடு சமரசம் பேசுவேன், எத்தனை பகடை உருட்டட்டும்?’ என்று கேட்கப்போவதில்லை. டிஎம்மின் மேசையில் ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் அதுதான் நடக்கிறது.

இப்போது அந்த ‘பிட்’ குற்றச்சாட்டு. பரீட்சை என்றே வைத்துக்கொள்வோம். நம் பொறியியல் கல்லூரிகளில் மெஷின் டிசைன் பரீட்சைக்குப் போகிறவன் கையில் பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புக் இருக்கிறது. அதை யாரும் பறிப்பதில்லை. அது இல்லாமல் போனால்தான் திட்டு. எந்த உலோகத்துக்கு எவ்வளவு தாங்குதிறன் என்ற எண்ணைப் பையன் மனப்பாடம் செய்திருக்கிறானா என்பதை அந்தப் பரீட்சை சோதிக்கவில்லை. எந்த எண்ணை எங்கே போட வேண்டும் என்று தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் கட்டுரையின் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. ஒரு விதியை எடுத்து மேசைமேல் போடுகிறேன்.

சண்டை நடக்கிறது. ஒருத்தி சொல்கிறாள், “நான் அந்த ஓர்க் அரக்கனைக் கட்டிப்பிடிச்சு நிறுத்துறேன்.” ஆட்டக்காரர்கள் கிராப்பிள் என்பார்கள். 2014 பதிப்பில் இதற்கான விதி ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அடிக்கும் ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பிடிக்க முடியும். ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். எதிராளி உங்களைவிட ஒரு அளவுக்கு மேல் பெரியவனாக இருக்கக் கூடாது. நீங்கள் அத்லெடிக்ஸ் என்ற திறமைக்கு உருட்ட, அவன் அத்லெடிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ தன் இஷ்டப்படி உருட்டுவான். இப்படி இருவர் எதிரெதிர் உருட்டுவது எப்படி, சமமாக விழுந்தால் என்ன என்பது ஏழாம் அத்தியாயத்தில். சரி, பிடித்தாயிற்று. பிடிபட்டவனுக்கு என்ன ஆகும்? அது கடைசியில், பின்னிணைப்பு ஏ-யில். போய்ப் பார்த்தால் அவன் வேகம் பூஜ்யம், அவ்வளவுதான். அவனுடைய அடிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முக்கால்வாசி மேசைகளில் பிடிபட்டவன் சரியாக அடிக்கவும் முடியாது என்று நினைவிலிருந்து தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அது ரெஸ்ட்ரெய்ண்டு என்ற வேறொரு நிலையின் விளைவு. பிடித்தவனை இழுத்துக்கொண்டு போகலாமா? போகலாம், பாதி வேகத்தில். அதற்கு மறுபடி ஒன்பதாம் அத்தியாயம்.

புத்தகம் ஒன்று, இடம் மூன்று. நினைவை நம்புகிற டிஎம் என்ன செய்வார்? ஒன்று, தப்பாகச் சொல்வார். அல்லது புரட்டுவார். அவர் புரட்டுகிற நேரத்தில் ஒருவர் டீ போடப் போவார், ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார், பாவம் அந்த ஓர்க் கட்டிப்பிடித்த நிலையிலேயே நிற்பான். தாள் வைத்திருக்கிற டிஎம்முக்கு அது இரண்டு வரி: ‘ஒரு அடிக்குப் பதில், ஒரு கை காலி, ஒரு அளவு பெரியவன் வரை, அத்லெடிக்ஸ் எதிர் அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோ. பிடிபட்டால் வேகம் 0 மட்டும்; விடுபட ஒரு ஆக்ஷன்; இழுத்தால் பாதி வேகம்.’ கண்ணை ஓட்டினால் முடிந்தது. மாயம் கலைவது தாளைப் பார்க்கும்போதா, புத்தகத்தைப் புரட்டும்போதா?

இது என் கற்பனைக் குறை இல்லை. 2024இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைத் திருத்தி எழுதியபோது, சிதறிக் கிடந்த இந்த விதிகளையும் நிலைகளையும் வாரி எடுத்து, அகரவரிசையில் அடுக்கி, புத்தகத்தின் கடைசியில் ஒரு ரூல்ஸ் கிளாசரியாகவே வைத்துவிட்டார்கள். மேசைகளில் டிஎம்கள் பத்து வருஷமாகக் கையால் செய்துகொண்டிருந்த வேலையைப் பதிப்பாளரே ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இதே இடத்தில் போன் வாதமும் படுத்துவிடுகிறது. கூகுளில் கிராப்பிள் என்று தட்டுங்கள். 2014 விதியும் வரும், 2024 விதியும் வரும். இரண்டும் ஒன்றல்ல. புதியதில் எதிரெதிர் உருட்டலே கிடையாது. பிடிக்கப்படுகிறவன் ஒரு ஸேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க ஒரு உருட்டல், போட வேண்டும், அவ்வளவுதான். புதியதில் பிடிபட்டவன், தன்னைப் பிடித்தவனைத் தவிர வேறு யாரை அடித்தாலும் டிஸ்அட்வாண்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். களைப்பு விதியும் அப்படித்தான். பழையதில் ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு தண்டனை. புதியதில் படிக்கு 2 வீதம் எல்லா 20 முகப் பகடையிலும் கழிக்க வேண்டும், வேகத்தில் படிக்கு 5 அடி குறையும். இரண்டிலும் ஆறாம் படி மரணம் என்பது மட்டும் பொது. தேடிக் கொடுக்கும் இயந்திரத்துக்கு உங்கள் மேசையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, போன மாதம் எந்த விதியை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டீர்கள் என்பதெல்லாம் தெரியாது. உங்கள் தாளுக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதியவர் நீங்கள். இன்னொன்று, டிஎம் போனை எடுத்தால் மேசையில் எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

எழுதியவர் நீங்கள் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. கட்டுரையாளர் தாளை ஒரு முடிந்த பொருளாக மட்டும் பார்க்கிறார். அதைத் தயாரிக்கும்போது என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கிராப்பிளை இரண்டு வரியாகச் சுருக்க வேண்டுமென்றால் மூன்று இடத்தையும் தேடிப் படித்தாக வேண்டும். எது விதி, எது விளக்கம், எது அலங்காரம் என்று பிரித்தாக வேண்டும். ரெஸ்ட்ரெய்ண்டு வேறு, கிராப்பிள் வேறு என்று அப்போதுதான் உறைக்கும். எழுதி முடித்த பிறகு பாதி வரிகளைத் திரும்பிப் பார்க்கவே தேவைப்படாது. நினைவில் நிற்க வேண்டும் என்று உபதேசம் செய்கிறவர், நினைவில் நிற்கச் செய்யும் வேலையையே கேலி செய்கிறார்.

அதனால்தான் கடையில் வாங்கும் ஸ்க்ரீன் மேல் எனக்கும் பெரிய மரியாதை இல்லை. அது யாரோ ஒருவருடைய மறதிக்காகச் செய்தது. உங்கள் மறதி வேறு. நான் பார்த்தவரையில் உருப்படியான தாள்கள் ஒரே வழியில்தான் பிறக்கின்றன: ஆட்டம் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தை ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்வது, அடுத்த வாரத் தாளில் அவற்றை மட்டும் எழுதுவது. அடிக்க 20 முகப் பகடையை உருட்டிக் கூட்டு என்பதைத் தாளில் எழுதுகிறவர் இடத்தை வீணடிக்கிறார். அது எல்லோருக்கும் மூன்றாவது வாரமே கைவந்துவிடும். எப்போதாவது வருவது, வந்தால் உயிர்போகிற விஷயமாக இருப்பது, அதுதான் தாளில் ஏற வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் 20 பகடை. மந்திரத்தில் கவனம் ஊன்றியிருப்பவர் அடிபட்டால் 10 அல்லது அடியில் பாதி, இதில் எது பெரிதோ குறைந்தது அந்த எண்ணை உருட்ட வேண்டும். செத்துக்கொண்டிருப்பவர் 10 அல்லது அதற்கு மேல் உருட்டினால் ஒரு வெற்றி, சரியாக 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்ட்டோடு, அதாவது ஒரு உயிர்ப்புள்ளியோடு, கண் விழிப்பார். நண்பரின் பாத்திரம் சாகக் கிடக்கும்போது, இது ஒன்றா இரண்டா என்று டிஎம் விட்டத்தைப் பார்ப்பது அழகாக இருக்காது.

அரக்கர்களுக்கு வருவோம். லிச் என்று ஒரு கிழட்டுப் பிணமந்திரவாதி. பழைய மான்ஸ்டர் மேனுவலில் அவனுக்கு 20க்கும் மேற்பட்ட மந்திரங்கள் எழுதியிருக்கும், பெயர் மட்டும். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பது வேறு புத்தகத்தில். சண்டை பெரும்பாலும் நாலைந்து சுற்றுக்கு மேல் ஓடாது. அவன் தன் முறைக்கு ஒரு பெரிய மந்திரம் போடுவான். அப்படியென்றால் அந்த 20 சொச்சத்தில் மேசைக்கு வரப்போவது நாலோ ஐந்தோதான். எந்த நாலு என்று முந்தின இரவு முடிவு செய்து ஒரு அட்டையில் எழுதுவதற்குப் பெயர் சோம்பேறித்தனமா? 100 ஹிட் பாயிண்ட்டோ அதற்குக் கீழோ இருப்பவரைப் பகடையே இல்லாமல் சாகடிக்கும் பவர் வர்ட் கில்லை எப்போது எடுப்பான், தப்பி ஓட டைமென்ஷன் டோரைக் கடைசிவரை பத்திரப்படுத்துவானா, எதிரியின் மந்திரத்தைக் கவுண்டர்ஸ்பெல் போட்டு எப்போது முறிப்பான்? இதையெல்லாம் யோசித்து எழுதும்போதுதான் லிச் ஒரு ஆளாகிறான். பல நூறு வருஷம் வாழ்ந்த மகாபுத்திசாலி என்று புத்தகம் வர்ணிக்கும் ஒருவன், டிஎம் பக்கம் புரட்டத் தயங்கி நெருப்புருண்டையையே மூன்று சுற்று வீசிவிட்டுச் செத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த டிஎம் கையில் தாள் இல்லை. கட்டுரையாளர் அங்கே இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

தயாரிப்பு கற்பனையைக் கொல்லும் என்ற வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பத்தி வர்ணனை எழுதி வைத்துக்கொண்டு அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசிக்கும் டிஎம்கள் உண்டு. கொட்டாவி வரும். ஆட்டக்காரர்கள் வடக்கே போவார்கள் என்று முடிவுகட்டி வடக்கை மட்டும் எழுதி, அவர்கள் தெற்கே கிளம்பினால் கையைப் பிடித்து இழுக்கிறவர்களும் உண்டு. ஆனால் இவை எழுதி வைத்த கதையின் குற்றம். கட்டுரையாளர் கதையையும் குறிப்பையும் ஒரே கோணியில் கட்டி ஆற்றில் போடுகிறார். விதிச்சுருக்கமும் பெயர்ப்பட்டியலும் கதை எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருபவை. தெற்கே போனால் தெற்கிலும் விழுந்தால் அடிபடும்.

பெயர்ப்பட்டியலை அவர் தனியாக ஒரு பத்தி போட்டுக் கிண்டலடித்திருக்கிறார். பெயர் வைக்கக்கூடத் தாள் வேண்டுமா என்கிறார். வேண்டும். ஆட்டக்காரர் வாசல் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கிறார். “அண்ணே, உங்க பேரு?” டிஎம் ஒரு வினாடி இழுக்கிறார், “ம்ம்... குப்புசாமி.” மேசையே சிரிக்கும். சிரிப்பது பிரச்சினை இல்லை. அந்த ஒரு வினாடி இழுவையில், இவன் கதைக்கு வேண்டாதவன் என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அடுத்த கதவில் டிஎம் பட்டென்று ஒரு பெயர் சொன்னால், ஓகோ இவன்தான் முக்கியம் என்று அதுவும் தெரிந்துவிடும். பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறவர் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பெயர் சொல்வார். யார் துரோகி, யார் சும்மா வழியில் நிற்பவன் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சொன்ன பெயருக்கு எதிரே ‘காவலாளி, காலை விந்தி நடப்பான்’ என்று இரண்டு சொல் கிறுக்கி வைத்தால், ஆறு வாரம் கழித்து அவர்கள் அவனைத் தேடி வரும்போது அவன் அதே ஆளாக இருப்பான். வின்சென்ட் பேக்கர் 2010இல் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு ஆட்டம், எல்லோருக்கும் பெயர் வைப்பதை நடத்துநரின் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

அபோகலிப்ஸ் வேர்ல்டை வேண்டுமென்றேதான் இழுத்தேன். கனமான விதிகள் இல்லாத புதிய தலைமுறை ஆட்டங்கள் தாள்களைத் தூக்கி எறிந்துவிட்டன என்று கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்தத் தலைமுறைக்கு வழிகாட்டி இந்த ஆட்டம்தான். அதை ஆட உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பிளேபுக், அதில் அந்தப் பாத்திரம் செய்யக்கூடியவை அச்சாகவே இருக்கும். எல்லோருக்கும் பொதுவான மூவ்கள், அதாவது செய்கைகள், தனியாக ஒரு தாளில். எத்தனை விழுந்தால் என்ன என்பது அதிலேயே. கால் ஆஃப் கதுல்ஹு என்ற இன்னொரு ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்தில் அதன் பாதியையும் ஐந்தில் ஒன்றையும் எழுதிவைக்கக் கட்டம் போட்டுவிட்டார்கள். கடினமான முயற்சியில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம் என்றுதான். இவர்கள் தாளை எறியவில்லை. ஆட்டத்தையே தாளில் ஏற்றி ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆட்டக்காரர் கையில். கட்டுரையில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்ட ஒரே இடம் இதைப் பற்றியதுதான். நடுவில் எங்கோ, ஆட்டக்காரர்களுக்கும் விதித்தாள் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது, அப்புறம் டிஎம்மோடு வாதாடத்தானே செய்வார்கள், ஆட்டத்தின் மர்மமே போய்விடுகிறது என்று அங்கலாய்த்திருக்கிறார். மற்ற எல்லாமும், பிட்டும் அவதானமும் முன்னோரும், இந்த ஒரு வரிக்குப் போட்ட பந்தல் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், அடித்தால் படுமா என்று பார்க்கும் அட்டவணை கிடையாது. அது அடுத்த வருஷம் டிஎம்முக்கான புத்தகத்தில் வந்தது. அந்தப் புத்தகத்தை டிஎம் அல்லாதவர்கள் புரட்டுவது கைகாக்ஸுக்குப் பிடிக்காது; அதை அந்தப் புத்தகத்திலேயே சொல்லியும் இருக்கிறார். ஆட்டக்காரர் பகடையை உருட்டுவார், எண்ணைச் சொல்வார், டிஎம் தடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, பட்டது, படவில்லை என்பார். ஏன் என்று கேட்க வழியில்லை. அன்றைக்கு அதில் ஒரு சுவை இருந்திருக்கலாம். அந்தச் சுவைக்கு ஏங்குகிறேன் என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் நான் இந்த எதிர்வினையே எழுதியிருக்க மாட்டேன். ரசனைக்கு யாரும் வழக்குப் போட முடியாது. அதை ஞாபகசக்தி, கலை, பரம்பரை என்று ஜரிகை வேலை செய்து விற்பதுதான் பொறுக்கவில்லை.

வாதாடுவார்களாமே! முதல்முறை ஆட வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். புதிதாக வருகிற பெண் ஒருத்தி, தன் முறை வந்ததும் “நான் அடிக்கிறேன்” என்பாள். அடுத்த சுற்றிலும் “நான் அடிக்கிறேன்”. வேறு என்ன செய்யலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 2014 விதிப்படி சண்டையில் ஒருவர் தன் முறையில் எடுக்கக்கூடிய ஆக்ஷன்கள் பத்து: அடிப்பது, மந்திரம் போடுவது, ஓடுவது, அடி வாங்காமல் விலகுவது, தற்காத்து நிற்பது, அடுத்தவருக்கு உதவுவது, ஒளிவது, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று காத்திருப்பது, தேடுவது, ஒரு பொருளைப் பயன்படுத்துவது. கையகலத் தாளில் அடங்கிவிடும். அதை அவள் முன்னால் வைத்துவிட்டு ஒரு சுற்றுப் பொறுத்துப் பாருங்கள். “உதவுறதுன்னா என்னக்கா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாள். தன்னைவிடப் பலசாலியான கூட்டாளிக்கு உதவினால் அவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், அந்தச் சண்டையை அவள் ஆடுகிற விதமே மாறிவிடும். டிஎம்மிடம் அவள் எதையும் வாதாடவில்லை. அனுமதியும் கேட்கவில்லை.

கட்டுரையாளரின் மேசையில் அந்தப் பத்தும் உண்டு. ஆனால் அவருக்கு ஞாபகம் வந்து, அவராகப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.